பார்த்துக்கொள்கிறவர்கள் கூட்டம்

காளியண்ணன் அந்தக் காலத்தில் ரிக் வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசமெல்லாம் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். இயந்திர இரைச்சலை மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அந்த இரைச்சலில் காது மந்தமாகி, இப்போது மிஷின் மாட்டியிருக்கிறார். போன வருடம் வழுக்கி விழுந்ததில் இடுப்புதான் போனதே தவிர, தொண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"தயாளா!"

மகன் தீனதயாளன் ஓடி வருவார். அப்பா தண்ணீர் கேட்பார், இல்லை பாத்ரூம் போகவேண்டும் என்பார். பெரும்பாலும் தயாளன் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் போதும் அவருக்கு. மனைவி சத்யபிரியா பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவதால், கோழிப்பண்ணையை ஆளிடம் விட்டுவிட்டு அப்பாவோடே கிடந்தார் தயாளன்.

வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கும் நர்ஸ் கயல்விழி அன்றைக்குக் காளியண்ணனுக்குப் பார்த்துவிட்டு, "பெரியவருக்கு நல்லா இருக்குதுங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, பட்டையைத் தயாளன் கையில் சுற்றினாள். அவள் முகம் மாறியது.

"உங்களுக்குத்தான் ஏறிக் கெடக்குது. சனிக்கெழமை சமுதாயக்கூடத்துல ஒரு கூட்டம் வெச்சிருக்கறோம். ஊட்டுல வயசானவங்களப் பாத்துக்கறவங்க மட்டும். மனசு உட்டுப் பேசலாம், வாங்க."

"எனக்குத் தெரியாம என்ன கூட்டம்? நானும் வாரேன்" என்றார் காளியண்ணன், கட்டிலிலிருந்து.

அவரைத் தனியே விட்டுப்போக ஆளில்லை. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார் தயாளன். சமுதாயக்கூடத்தில் பார்த்தால், வந்திருந்த அத்தனை பேர் நிலைமையும் அதுதான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார்.

"கஷ்டத்த மறைக்காமச் சொல்லுங்க" என்றாள் கயல்விழி.

யார் சொல்வார்கள்? மலர்விழி என்ற பெண்ணைக் கேட்டபோது, அவளுடைய மாமியார் மயிலம்மாள் அவள் முந்தானையைப் பிடித்தபடி வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கத்தையால எனக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றாள் மலர்விழி, சுவரைப் பார்த்து.

காளியண்ணன் கையைத் தூக்கினார். "நான் சொல்றேன் அம்மிணி. எம் பையன் கஞ்சிய ஆற வெச்சுக் குடுக்கறதே இல்ல."

"உங்களுக்குச் சூடாவாச்சும் கெடைக்குதுங்களே அண்ணா" என்றாள் மயிலம்மாள்.

அவ்வளவுதான். பெரியவர்கள் ஒவ்வொருவராக ஆரம்பித்துவிட்டார்கள். சாம்பாரில் உப்பு, டிவியில் சத்தம், மாத்திரையில் கசப்பு. குற்றவாளிகள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கயல்விழி பார்த்தாள், பெரியவர்களையெல்லாம் உதவியாளரோடு வெளி வராந்தாவுக்கு அனுப்பி, டீயும் பன்னும் கொடுக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே மலர்விழிதான் முதலில் வாய் திறந்தாள். "பாத்ரூமுக்குள்ள போயிக் கொழாயத் தொறந்து உட்டுட்டு முறுக்குத் திங்கறனுங்க. அங்க ஒக்காந்தாத்தான் நிம்மதியாத் திங்க முடியுது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தயாளனுக்குத் தைரியம் கொடுத்தது.

"ஒரு நா எங்கய்யன் காது மிஷின்ல பேட்டரியக் கழட்டிட்டு, மனசுல இருந்ததையெல்லாம் அவரு முன்னாடியே நின்னு திட்டித் தீத்தனுங்க. அவரு சிரிச்சுட்டே தலையாட்டுனாரு. அப்பறம் எனக்கு ஒரே அழுகையாப் போச்சு. பேட்டரிய மாட்டி, முறுகலா ரெண்டு தோசை ஊத்திக் குடுத்தேன்."

கூடம் சிரித்து ஓய்ந்தபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் ஒன்று உறைத்தது. வெளியே சத்தமே இல்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலிகள் சாய, அத்தனை பேரும் கதவுக்கு ஓடினார்கள்.

வராந்தாவில் காளியண்ணன் கையை அகல விரித்து, அனந்தபூரில் பாறைக்கடியில் தண்ணீர் பீறிட்ட கதையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான கதை. மயிலம்மாள் பன்னை மறந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

காளியண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன? கூட்டம் முடியலயல்ல, போங்க உள்ள."

மலர்விழி தயாளனைப் பார்த்தாள். "ஏனுங்ண்ணா, நாயித்துக்கெழமை எங்கூட்டுக்காரரு இருப்பாரு. உங்கய்யன எங்கூட்ல கொண்டாந்து உடுங்க. அடுத்த வாரம் எங்கத்தைய உங்கூட்டுக்கு அனுப்பறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இறக்கிவிட்டுத் தெருவில் நின்ற தயாளனுக்கு எங்கே போவதென்றே புரியவில்லை. கால்கள் தாமாக அணைக்கட்டுப் பக்கம் போயின. மீன் வறுக்கும் கடையில் உட்கார்ந்தார். தட்டு வந்ததும் மனசு கேட்காமல் மலர்விழிக்குப் போன் போட்டார்.

"ஐயன் என்னைக் கேட்டாருங்களா அம்மிணி?"

"இல்லீங்ண்ணா. கதை இன்னும் சித்தூரையே தாண்டல. நீங்க பேசாமச் சாப்புடுங்க."

தயாளனுக்கு லேசாக வருத்தமாகத்தான் இருந்தது. ஒரு தடவைகூடவா கேட்கவில்லை? மீனைப் பிய்த்து வாயில் போட்டார். சுடச்சுட இருந்தது. ஊதி ஊதித் தின்று முடித்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்து, அவசரமே இல்லாமல், "இன்னொரு பிளேட் போடுங்க" என்றார்.