அவரே ஒப்புக்கொண்டபடி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கதைக்கு அது நல்லதல்ல என்று தெரியும். ஆறப்போட்டு எழுதலாம் என்று குளிர்காலம் முழுவதும் காத்திருந்தேன். உறைந்த ஏரிமேல் நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிசைகளை இழுத்துப்போய்விட்டார்கள், பனிக்கட்டியும் உருகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வட மினசோட்டாவின் பனிவெளியில் அறிவுச்சுடர் ஏந்திய ஒரு பெண்'

அடித்துவிட்டேன். இதைப் படித்தால் மார்லிஸ் வீடு தேடி வந்து உதைப்பாள்.

2

மார்லிஸ் ட்வைட் எங்கள் பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பேராசிரியை. நான் புள்ளியியல். எங்களுக்கு நான்கு வளாகங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காட்டுச்சாலையில் மணிக்கணக்காக ஓட்ட வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் அவள் ஓர் இணையதளம் தொடங்கினாள். வாரம் ஒருவர் தன் வேலையைப் பற்றிப் பேசியோ எழுதியோ பதிவு போடுவார். மற்றவர்கள் கீழே எழுதுவார்கள். முடிந்துபோன வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை.

"பரிசு வாங்கினதையெல்லாம் உங்க அம்மாகிட்ட சொல்லிக்குங்க. எங்க மாட்டிக்கிட்டு முழிக்கிறீங்களோ, அதை இங்க சொல்லுங்க" என்பாள்.

அப்படிச் சொல்ல வந்தவர்களில் ஒருவன் கர்டிஸ் ஓயாலா. வடக்கு வளாகத்தின் ஒரே வேதியியல் ஆசிரியன். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டியவன்.

(கர்டிஸைப் பாவப்பட்டவனாகக் காட்டினால் உங்கள் இரக்கம் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அவன் வாய்த்துடுக்குக்காரன். கூட்டத்துக்குத் தாமதமாக வருவான். புள்ளியியல் என்பதால் என்னைப் 'பின்னமே' என்று கூப்பிடுவான். அப்படியே இருக்கட்டும்.)

அவன் எழுதினான்: "என் வகுப்புல பாதிப்பேர் ஃபெயில். பிள்ளைங்க மேல தப்பில்ல. நான் சொல்லிக்கொடுத்த விதம்தான் தப்புன்னு நினைக்கிறேன். எங்கன்னுதான் புரியல. யாராவது வந்து பாருங்களேன்."

அந்த வாரமே இயற்பியல் நடத்தும் டெலோரஸ் கொட்டும் பனியில் ஓட்டிக்கொண்டு போய், அவன் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

"கர்டிஸ், நீ கரும்பலகையப் பார்த்தே பேசுற. கரும்பலகைக்குக் கெமிஸ்ட்ரி நல்லா வருது. கொஞ்சம் பிள்ளைங்க பக்கமும் திரும்பேன்."

"இதைச் சொல்லவா இவ்ளோ தூரம் வந்தே?"

"உன் மனைவி சுடச்சுட ஹாட்டிஷ் சமைப்பாங்கன்னு சொன்னியே, அதைச் சாப்பிட வந்தேன்."

இருவருமாகப் பாடத்தை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினார்கள். அடுத்த பருவத்தில் பெரும்பாலோர் தேறினார்கள். பல்கலைக்கழகம் என்றால் இதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன்.

3

டீன் வாரன் ஸ்ட்ரூப்புக்குத் தளம் பிடித்துப்போனது. கேடு அங்கே தொடங்கியது. தளத்தைப் பல்கலைக்கழகக் கணினிக்கு மாற்றினார்கள். அதற்கொரு சின்னம், ஒரு விழா.*

* 'அறிஞர் சமூகம்' என்று க்ரீமில் எழுதிய கேக் வெட்டினார்கள். ருசியாகத்தான் இருந்தது.

அடுத்த வசந்தத்தில் கர்டிஸின் ஒப்பந்தம் விசாரணைக்கு வந்தது. சக ஆசிரியர்கள் வந்து பேசலாம் என்பது விதி. 'வாங்க, அவனுக்காக நேர்ல பேசுங்க' என்று மார்லிஸ் தளத்தில் அழைப்பு எழுதினாள். கட்டைவிரல்களும் இதயங்களும் அழுத முகங்களும் வந்து குவிந்தன. கூடத்துக்கு வந்தது மார்லிஸ், டெலோரஸ், நான்.

ஸ்ட்ரூப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "'நான் சொல்லிக்கொடுத்த விதம்தான் தப்பு.' ஆக, அவரே ஒப்புக்கொண்டபடி..."

"'நினைக்கிறேன்'னு இருக்கு. அதை ஏன் முழுங்குறீங்க?" மார்லிஸ் எழுந்துவிட்டாள். "அதுக்கப்புறம் பாஸான பிள்ளைங்களப் பத்தி ஏன் ஒரு வார்த்தை இல்ல?"

"மார்லிஸ், ப்ளீஸ். இந்தத் தளத்தால எவ்வளவு வெளிப்படைத்தன்மை வந்திருக்குன்னு நீங்க பெருமைப்படணும்."

"பெருமையா? நான் கட்டினது மனசுவிட்டுப் பேசுற இடம். நீங்க அதை ஒட்டுக்கேக்குற இடமா ஆக்கிட்டீங்க."

கர்டிஸ் திரும்பிக் காலி நாற்காலிகளைப் பார்த்தான். "பின்னமே, அழுத முகம் போட்டவங்க எல்லாம் எங்க? கண்ணீர்ல வழி தெரியலையாமா?"

நாங்கள் சிரிக்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

4

வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

'கதவு திறந்தது. நூறு ஆசிரியர்கள்' — பொய். கதவு திறந்தது உண்மை; தண்ணீர்க் குடுவை வைக்க ஒருவர் வந்தார்.

'ஸ்ட்ரூப் மனம் வருந்தி, ஒருநாள் ஏரிக்கரையில்' — முடிக்கக் கை கூசுகிறது.

நடந்தது இது. மார்லிஸ் ஒவ்வொருவரின் பதிவையும் அவரவருக்கே அனுப்பிவிட்டுத் தளத்தை அழித்தாள். அப்போது வந்தார்கள் ஐயா ஆட்கள்! அவள் அறை வாசலில் நிற்க இடமில்லை.

"இது எங்க எல்லாரோட உழைப்பு. யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்று கத்தினார் வரலாற்றுத் துறை ஹார்லன்.

"அட, உங்களுக்குக் குரல் இருக்கா!" என்றாள் மார்லிஸ். "விசாரணையன்னைக்கு அதை எங்க வெச்சிருந்தீங்க?"

ஹார்லன் நிரந்தரப் பணியில் இருப்பவர். எந்த ஸ்ட்ரூப்பும் அவரை அசைக்க முடியாது. வந்திருந்தவர்களில் பலரும் அப்படித்தான். ஸ்ட்ரூப் தன் வேலையைச் செய்தார், போகட்டும். இவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கர்டிஸ் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறான். மார்லிஸ் பல்கலைக்கழகத்துக்கு வெளியே புதிய தளம் கட்டிவிட்டாள்.

5

அதில் வரும் முதல் பதிவு இந்தக் கதை.

தளத்தை அழிப்பதற்கு முன்பே நிர்வாகம் எல்லாவற்றையும் பிரதி எடுத்துவைத்திருக்கிறது. அடுத்து விசாரணைக்கு நிற்கப்போவது ஸ்பானிஷ் நடத்தும் ஈவெட் பெல்கி. தன் மாணவர்கள் வாய் திறக்கவே பயப்படுகிறார்கள், என்ன செய்யட்டும் என்று பழைய தளத்தில் ஒருமுறை கேட்டிருந்தாள். அவ்வளவுதான் அவள் குற்றம்.

"சீக்கிரம் முடிச்சுப் போடு" என்றாள் மார்லிஸ்.

"முடிவே இல்லையே."

"அது உன் வேலை இல்லப்பா. படிக்கிறவங்க வேலை."

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. விசாரணை செவ்வாய்க்கிழமை காலை, நிர்வாகக் கட்டடம், மூன்றாம் மாடி. கதை நன்றாக இருக்கிறது என்று எனக்கு எழுதாதீர்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வகுப்பு இருந்தால், மாணவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.