கூழுக்கு வந்தவர்களின் பட்டியல்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. கதையென்றாலே பொய்தானே என்று முந்திக்கொள்ளாதீர்கள். இது தொலைபேசியில் சொன்ன பொய். நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, மறுநாள் யாழ்ப்பாணத்துக் குருநகரில் அற்புதராணி வீட்டில் ஒடியல் கூழ். அழைப்பு எனக்கும் வந்தது. "காய்ச்சல், பிள்ளை" என்றேன். தொட்டுப் பார்க்க ஆளில்லாதபடியால் தப்பினேன்.

ஆகவே கீழே வருவதில் பாதி கேள்விப்பட்டது, பாதி நானாகப் போட்டது. கூழிலும் எது எதுவென்று யாரும் கேட்பதில்லை.

2

முதல் தொடக்கம்: கடல் அன்று அமைதியாக— [வேண்டாம். அந்தக் கடலுக்கு வேறு வேலை இல்லையா?]

இரண்டாம் தொடக்கம்: ஒன்றுகூடும் உரிமை என்பது— [இது கட்டுரை. நானே கொட்டாவி விட்டேன்.]

மூன்றாவது: அற்புதராணி நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. [இது நிற்கட்டும்.]

3

சிவில் உடுப்பில் ஒருவர் இறங்கினார். ஊரார் பெயரையெல்லாம் கேட்க வந்த மனிதர் தன் பெயரைச் சொல்லவில்லை.

"அம்மா, இண்டைக்கு இஞ்சை ஆக்கள் கூடுகினமாம். ஆரார் வருகினம்? பேரும் போன் நம்பரும் வேணும்."

அற்புதராணி நண்டைக் கீழே வைத்தாள். கரைக்கடலை வளைத்துப் போட்ட கடலட்டைப் பண்ணையைப் பற்றி முகநூலில் நாலு வரி எழுதியதற்காக, மகன் றெஜியைக் கார்த்திகை மாதம் பொலிசுக்குக் கூப்பிட்டு ஆறு மணித்தியாலம் விசாரித்திருந்தார்கள். பெயர்களைக் கொடுக்காவிட்டால் அவனை மறுபடியும் கூப்பிடுவார்கள். கொடுத்தாலோ, தன்னை நம்பி வருகிறவர்களைத் தானே காட்டிக்கொடுத்ததாக முடியும்.

"இது கூழ் தம்பி, கூட்டமில்லை."

"எத்தினை பேர்?"

"கூழுக்கு ஆர் ஆளெண்ணுறது?"

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு; அதன் மாவில் செய்யும் கூழைத் தனி ஆளுக்குக் காய்ச்ச முடியாது. மீன்தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி என்று போடப் போடப் பானை பெருத்துக்கொண்டே போகும். தெருவே வந்துதான் குடித்து முடிக்கவேண்டும். நாலு பேர் கூடினாலே முகம் சுளிக்கும் சட்டத்துக்கு இந்தச் சமையல் ஒத்துவராது.)

4

இந்த இடத்தில் அற்புதராணி என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

பெயர்களைச் சொல்லிவிடுகிறாள். [எழுதக் கை வரவில்லை.]

அகப்பையை ஓங்கிக்கொண்டு துரத்துகிறாள். [நன்றாகக் கைதட்டுவீர்கள். மறுநாள் றெஜியோடு விசாரணைக்குப் போக ஒருவரும் வரமாட்டீர்கள்.]

வந்தவருக்கும் கூழ் வார்க்க, அவர் மனமுருகி— [சீச்சீ!]

நடந்தது வேறு. கூழில் போடக் கணவாய்ப் பையோடு வந்த சந்தியோகு அண்ணை, கதிரையை இழுத்துப் போட்டு அந்த மனிதருக்கு முன்னால் இருந்தார்.

"உவளை ஏன் கேக்கிறாய்? என்னைக் கேள். சந்தியோகு. வயசு எழுபத்தொண்டு. மிச்ச விபரமெல்லாம் முந்தியே உங்கடை கந்தோரிலை கிடக்கு. எழுது தம்பி."

பின்னால் பலாக்கொட்டையோடு உதயகலா. "என்ரையையும் எழுதுங்கோ." அவளுக்குப் பின்னால் ஜெறோம். பிறகு படலைக்கு வெளியே வரிசை. வந்தவரின் பேனையில் மை முடிய, உதயகலா தன் பேனையைக் கொடுத்தாளாம். [இதை நான் போட்டதென்றுதான் நினைப்பீர்கள். இல்லை.]

அற்புதராணி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். புகையால் அல்ல, சந்தோசத்தால்தான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, பனையோலைப் பிளாவில் வார்த்து அந்த மனிதருக்கும் நீட்டினாள். குடித்தாரா என்பதை உங்கள் நல்ல மனதுக்கு விடுகிறேன்.

5

பின்னேரம் றெஜி ஒரு சட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் தமிழ் படித்தவன். நாலு வரியில் நறுக்கென்று எழுதச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

"அம்மா தந்துவிட்டவ, மாஸ்ரர். காய்ச்சலுக்குக் கூழ் உறைப்பு நல்லதாம்."

"ஆக்கள் வந்தவையோ?"

"ஓம். முப்பத்தாறு பேர். எல்லாற்றை பேரும் எழுதியாச்சு."

"என்னையும்... கேட்டவையோ?" வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"சந்தியோகு மாமா சொல்லிப்போட்டார். மாஸ்ரரை எழுதாதேங்கோ, மனுசன் காய்ச்சலிலை கிடக்குதெண்டு."

அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. காய்ச்சல் அப்போதுதான் வந்தது.

6

பாதுகாப்புக்காக எல்லோருடைய பெயரையும் மாற்றித்தான் முதலில் எழுதினேன். (யாருடைய பாதுகாப்புக்கு என்று கேட்காதீர்கள்.) அற்புதராணியிடம் சொன்னேன். "ஏன் மாத்துறியள்? வந்தவரே சரியாத்தானே எழுதிக்கொண்டு போனவர்" என்றாள். அதனால் இங்கே எல்லோரும் சொந்தப் பெயரில் நிற்கிறார்கள்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். சாப்பாடு வந்த சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது இங்கே வழக்கமில்லை. நாலு முட்டை வைக்கலாம். இல்லை, இந்தக் கதையை மடித்து வைக்கலாம். றெஜி எழுதியது நாலு வரி, இது நாலு பக்கம். [நாலு வரிக்கு ஆறு மணித்தியாலம் என்றால் நாலு பக்கத்துக்கு— விடுங்கள்.]

முட்டை எந்தக் கோழி இட்டதென்று யாரும் கேட்கமாட்டார்கள். கதைக்கோ எழுதியவர் பெயர் போடவேண்டும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் போடுவீர்களா? கீழே இடம் விட்டிருக்கிறேன். பேனை கையில்தான் இருக்கிறது.

எழுதியவர்: ........................