மறுதரப்பிடம் எப்போது கேட்டீர்கள்?

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொறற்றி, கடையின் பின்னறைக்குள் நுழைந்தபோது, ஒலிவாங்கிக்கு முன்னால் இரண்டு கடிதங்கள் விரித்துக் கிடந்தன. வழக்கமாக அந்த இடத்தில் ஞானப்பிரகாசம் ஊற்றி வைத்த பிளேன்ரீ ஆவி பறக்க இருக்கும். இன்றைக்குத் தேநீரும் இல்லை, "வாங்கோ தங்கச்சி" என்ற வரவேற்பும் இல்லை. கடைக்கும் வானொலிக்கும் சொந்தக்காரரான அந்த மனுசன் அரிசி மூட்டையில் குந்தியிருந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வானொலி என்றதும் பெரிதாக ஒன்றையும் நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியின் ஹம் நகரத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஒரு தமிழ்க்கடை. அதன் பின்னறையில் ஒரு கணினி, ஒரு ஒலிவாங்கி, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரில் அடித்த பழைய மெத்தைகள். கருவாட்டு வாசம் இலவசம். ஆனால் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அங்கிருந்து கொறற்றி வாசிக்கிற செய்தியை ஸ்டுட்கார்ட் வரைக்கும் இணையத்தில் சனம் கேட்டது. மற்ற ஆறு நாளும் அவள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறவள். அங்கே ஒரு நாளைக்கு அவள் வாயால் வருவது நாலைந்து ஜெர்மன் சொல். ஒருமுறை டுசல்டோர்ஃப் போகிற ரயிலில் மகள் நடாலியோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, முன் இருக்கைக்காரி திரும்பிப் பார்த்து, "நீங்கள் செய்தி வாசிக்கிற அக்காவோ?" என்று கேட்டாள். அன்றைக்குக் கொறற்றிக்கு இறங்க வேண்டிய இடமே மறந்துபோனது. அந்தச் சந்தோசத்தை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒலிவாங்கிக்கு முன்னாலிருக்கிற அந்தக் கதிரை இல்லாவிட்டால் தனக்கு என்ன இருக்கிறது என்று சில நேரம் யோசிப்பாள், யோசிக்கவே பயமாக இருக்கும்.

"வாசியும்," என்றார் ஞானப்பிரகாசம்.

முதல் கடிதம் மாநிலத்தின் ஊடகக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. ஆறு கிழமைக்கு முன் ஒலிபரப்பான ஒரு செய்தி பற்றி முறைப்பாடு கிடைத்திருக்கிறதாம். செய்தி வேறு, சொந்த அபிப்பிராயம் வேறு, இரண்டையும் குழைக்கக் கூடாதாம். கடைசியில் ஒரு கேள்வி, அதற்குக் கீழே பதில் எழுதப் பெட்டி: சம்பந்தப்பட்டவரிடம், ஒலிபரப்புக்கு முன், எப்போது, எந்த வழியில் விளக்கம் கேட்டீர்கள்?

இரண்டாவது கடிதம் பதிவுத் தபால். நடன ஆசிரியை சுந்தரேஸ்வரி அனுப்பிய மறுப்புரை. அதே நாளில், அதே நேரத்தில், ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், பக்கத்தில் வியாக்கியானம் எதுவும் சொல்லாமல் வாசிக்க வேண்டும். சட்டம் அப்படி.

"தபாலில அனுப்பியிருக்கிறா பாருங்கோ," என்று கொறற்றி முணுமுணுத்தாள். முகம் சுட்டது.

இந்த முணுமுணுப்பு விளங்க வேண்டுமானால் ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும். அதற்கும் முன், கொறற்றியும் சுந்தரேஸ்வரியும் அகதிகள் விடுதியில் ஒரே அடுப்பில் மாறி மாறிச் சமைத்தவர்கள். ஒருத்தி மாதாவைக் கும்பிட, மற்றவள் பிள்ளையாரைக் கும்பிட, ஒரே சட்டியில் குழம்பு கொதிக்கும். வயதில் மூத்தவள் சுந்தரேஸ்வரி. நடாலியின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது, கொறற்றி இரண்டு நேர வேலையில் முறிந்துகொண்டிருந்தாள். தூரத்துச் சொந்தங்களுக்குத் தபாலில் போட வேண்டிய கட்டோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த சுந்தரியக்காவின் அட்டைக்கும் முத்திரை ஒட்டிப் போட்டுவிட்டாள். நேரில் போய்ச் சொல்ல வேண்டிய இடத்துக்கு முத்திரை! எங்கள் சனத்துக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? சுந்தரேஸ்வரி கல்யாணத்துக்கு வரவில்லை. முன்வரிசையில் அவளுக்கென்று கைப்பையை வைத்துப் பிடித்திருந்த கதிரை, கேக் வெட்டும் வரைக்கும் வெறுமையாகக் கிடந்தது. அவள் வந்து கேட்கட்டும் என்று இவள் இருந்தாள். இவள் வந்து சொல்லட்டும் என்று அவள் இருந்தாள். அவ்வளவுதான், கதை நின்றுபோயிற்று.

அதனால் ஆறு கிழமைக்கு முன், கூட வேலை செய்யும் சந்திரகாந்தி மூக்கைச் சிந்திக்கொண்டு, "என்ர பிள்ளையை மேடையில ஏத்தேல்லை அக்கா" என்று சொன்னபோது, கொறற்றிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. கலைவிழாவில் பன்னிரண்டு பிள்ளைகளை நடன ஆசிரியை காரணமின்றி ஒதுக்கினார் என்று எழுதினாள். "இந்தப் பாரபட்சத்தால் பெற்றோர் கொதித்துப்போயுள்ளனர்" என்று ஒரு வரியும் சேர்த்தாள். கொதித்த பெற்றோர் மொத்தம் ஒருத்தி. வாசிக்கும்போது குரலில் கொஞ்சம் காரமும் ஏறியிருந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு வாசித்து முடித்ததும் அவளுக்கு இனித்தது.

ஞானப்பிரகாசம் எழுந்து பேனாவை நீட்டினார். "பெட்டிக்குள்ள எழுதும். மூண்டு தரம் போன் அடிச்சனாங்கள், அவ எடுக்கேல்லை எண்டு."

"நான் அடிக்கேல்லையே அண்ணை."

"அடிக்கேல்லை எண்டு எழுதினா என்ன நடக்கும் தெரியுமோ? பதினாலு வருசமா உயிரைக் குடுத்து நடத்திறன். பூட்டிப்போட்டுப் போவாங்கள்."

"பொய் எழுத ஏலாது. போன் வரேல்லை எண்டு அவ சொன்னா, அவவெல்லோ பொய்காரியாப் போவா."

"அப்ப ஏன் கேக்கேல்லை எண்டு என்னத்தை எழுதப்போறீர்? கோவமெண்டோ?" அவர் குரல் தணிந்தது. "கொறற்றி, நான் சொல்லுறதைக் கேளும். அப்பிடித்தான் எழுதுவீர் எண்டால், வாற கிழமையில இருந்து டெல்சியைத்தான் வாசிக்க விடவேணும். எனக்கு வேற வழியில்லை."

டெல்சி அவருடைய தம்பி மகள். நல்ல பிள்ளைதான், தமிழ் மட்டும் கொஞ்சம் வழுக்கும். கொறற்றி கதிரையில் இருந்தாள். மெத்தைச் சுவர், ஒலிவாங்கியின் கறுப்புத் தொப்பி, தான் மறந்துவிட்டுப் போன தொண்டை மிட்டாய்ச் சுருள். இனி எல்லாவற்றையும் விட்டுப் போக வேண்டும். மறுப்புரையை எடுத்து மனதுக்குள் வாசித்தாள். நாலே நாலு வரி. மேடைக்குப் பின்னால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகளை விட மண்டபத்தின் தீப்பாதுகாப்பு விதி இடம் தரவில்லை. பெற்றோர் முன்னிலையில் சீட்டுக் குலுக்கிப் பார்த்தே தெரிவு செய்தேன். சீட்டில் விடுபட்டவர்களில் என் பேத்தியும் ஒருத்தி. நாலாவது வரிக்கு வந்ததும் கொறற்றி தாளை மேசையில் வைத்தாள்.

பேனாவை எடுத்தாள். பெட்டிக்குள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எழுதினாள்: கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒன்பது வருடமாகப் பேசுவதில்லை. அது என் பிழை.

ஞானப்பிரகாசம் அதை வாசித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "இது என்ன, சுவாமியாரிட்டைச் சொல்லுற பாவசங்கீர்த்தனமோ? அலுவலகத்துக்குப் போற கடிதமப்பா!" ஆனாலும் தாளைக் கிழிக்கவில்லை. "சரி. மறுப்பையாவது கடைசியில, மரண அறிவித்தலுக்குப் பிறகு கெதியா வாசிச்சு விடும். ஆர் கேக்கப்போறான்?"

"அந்தச் செய்தி இரண்டாவதாப் போனது அண்ணை. இதுவும் இரண்டாவதாத்தான் போகும்."

பதினொரு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் செய்தி ரயில் வேலைநிறுத்தம். இரண்டாவதாக மறுப்புரையை எடுத்தாள். காரமும் இல்லை, குழைவும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய இடம் கொடுத்து, தேர்தல் முடிவு வாசிப்பதுபோல வாசித்தாள். நாலாவது வரி வந்தது.

"என்னிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. எனது தொலைபேசி இலக்கம் இருபத்தொரு வருடங்களாக மாறவில்லை."

அந்த இலக்கம் அவளுக்கு மனப்பாடம். வாசிக்கும்போதே கடைசி நாலு எண்களும் நாக்கு நுனியில் வந்து நின்றன. மன்னித்துக்கொள்ளுங்கோ என்று ஒரு சொல் சேர்க்க நெஞ்சு தவித்தது. பக்கத்தில் ஒரு சொல்லும் வைக்கக் கூடாது என்பதுதானே விதி? விழுங்கிக்கொண்டாள். மூன்றாவது செய்திக்குப் போனாள். முடிவில் வழக்கம்போல, "செய்திகள் நிறைவடைந்தன, வாசித்தவர் கொறற்றி" என்றாள். விளக்கு அணைந்தது. ஞானப்பிரகாசம் இப்போதுதான் பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்தார், முகத்தைப் பார்க்காமல். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு, மிட்டாய்ச் சுருளைக் கைப்பைக்குள் போட்டாள்.

"போன் அடிக்கப்போறீரோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. இது நேரில போய்க் கேக்க வேண்டிய விசயம்."

தெரு ஈரமாக இருந்தது. மறுப்புரைக் கடதாசியும் பேனாவும் கைப்பையில் இருந்தன. சுந்தரேஸ்வரியின் தெருவை ஒன்பது வருடமாகச் சுற்றிப் போனவள், இன்றைக்கு அதற்குள் நேராக நடந்தாள். நடக்க எட்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதுதான் வெட்கமாக இருந்தது. நாலுமாடிக் கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகைகளைத் தேடி, அழைப்பு மணியை அழுத்தினாள்.

"ஹலோ?" மணிக்குப் பக்கத்துச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியின் சின்னத் துளைகளுக்குள்ளால் சுந்தரேஸ்வரியின் குரல் கரகரத்தது.

கொறற்றி அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் குனிந்தாள். "நான் கொறற்றி," என்றாள். "சுந்தரியக்கா, அந்தப் பிள்ளையளின்ர விசயம்... உங்களிட்டைக் கேக்காமல் வாசிச்சுப்போட்டன். கேக்க வந்தனான்."

துளைகளின் கரகரப்பு நின்றது. மேலே ஒரு யன்னல் சாத்தப்படும் ஓசை கேட்டது. கொறற்றி கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள். போய்விடுவோமோ என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள்.

அப்போது கதவின் பூட்டு விர்ரென்று அதிர்ந்தது. அவள் ஓடிப்போய்த் தோளால் தள்ளினாள், கதவு திறந்தது. உள்ளே போய், முதல் படியேறி, இரண்டாவது திருப்பத்துக்கு வந்த பிறகும், கீழே அந்தச் சத்தம் நிற்கவில்லை. மேலே சுந்தரேஸ்வரி, வாசற்கதவைத் திறக்கும் பொத்தானில் இருந்து இன்னும் விரலை எடுக்கவில்லை.