எட்டு மணி நேரம் பிந்திய ஆரூடம்

1

இந்தக் கதை பிறந்ததற்கு என் கம்ப்யூட்டர்தான் காரணம். அதில் விண்டோஸும் உண்டு, லினக்ஸும் உண்டு. விண்டோஸில் மணி சரியாக இருந்தால் லினக்ஸில் எட்டு மணி நேரம் முந்தும். அங்கே திருத்தினால் இங்கே பிந்தும். வெறுத்துப்போய்க் கதை எழுத உட்கார்ந்தேன்.

(விஷயம் இவ்வளவுதான்: பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் கடிகாரம் ஒன்றே ஒன்று. விண்டோஸ் அதை மலேசிய மணி என்கிறது. லினக்ஸ் அதை லண்டன் பக்கத்து மணி என்று எண்ணி எட்டைக் கூட்டிக்கொள்கிறது. இரண்டு மாமியாருக்கு ஒரு மருமகள்.)

2

'ரப்பர் மரங்களுக்கிடையே பனி மெல்ல...'

அடச்சே. எல்லார் கதையிலும் பனி இறங்கியாகிவிட்டது.

1999. மலேசியாவில் தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நீலாவதியின் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸையும் சேர்த்துப் போட்டவன், டவுனில் ரிப்பேர் பார்க்கும் திருநாவுக்கரசு. யாரும் கேட்கவில்லை. அடிக்கடி பழுதானால் அடிக்கடி வரலாமே என்ற நல்லெண்ணம்.

பால்மரம் வெட்டும் அவள் அம்மா பஞ்சாலைக்கு அந்தப் பெட்டியில் பிடித்தது விண்டோஸில் ஓடும் ஆரூடம் மட்டுமே. கேள்வியைச் சொல்லிப் பொத்தானை அழுத்தினால், திரையில் ஓடும் மணிக்கு லக்னம் கணித்து, ஆகும் ஆகாது என்று சொல்லிவிடும். ஒருநாள் நண்பகலில், ரிப்பேருக்கு வந்திருந்தவனைக் காட்டி, "இந்தத் தம்பிய நீலாவுக்குக் கட்டி வைக்கலாமா?" என்று கேட்டாள்.

'ஆகும்.'

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் அவள் திரையின் மூலையைப் பார்த்துவிட்டாள்.

"என்னா தம்பி, வெளிய மண்டைய பொளக்குது வெயிலு. இது விடிகால நாலுங்குது?"

"அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி..."

"பொய் மணில கல்யாணமா? நீதானே ரிப்பேர்காரன், சரி பண்ணு லா. அப்புறமா மறுபடி கேக்குறேன்."

3

இங்கே அவன் என்னோடு மல்லுக்கு நின்றான். சரியான மணியைப் போட்டு ரகசியமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறான்: 'ஆகாது.' திருத்தினால் பெண் போச்சு. திருத்தாவிட்டால் தொழில் தெரியாதவன்.

"சார், கடிகாரத்த அப்படியே விட்டுடுங்க சார்."

முடிவு அ: ஏமாற்றிக் கட்டிக்கொள்கிறான். (கயவன். அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: திருத்திவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறி... (பாவம், நல்ல பையன்.)

நீலாவதியை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒழுங்கா சரி பண்ணுங்க அரசு. உள்ள ஓடுறது நம்மூரு மணின்னு லினக்ஸ்கிட்ட ஒரு வரி சொன்னா போதும். ஆகும்னு சொன்னது நாலு மணி லக்கினந்தானே? எங்கம்மா பெரட்டுல பேர் குடுக்கப் போக டெய்லி எந்திரிக்கிறதே நாலு மணிக்குத்தான் லா. அப்ப கேக்கச் சொல்லுவோம்."

எழுதுகிறவன் நான். மூளை அவளுக்கு.

4

கடிகாரம் திருந்திவிட்டது. விடிகாலை. பெரட்டுக்குக் கிளம்பும் பஞ்சாலை, சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் ஒத்துப் பார்க்கிறாள். இரண்டிலும் நாலு. திருப்தி. பொத்தான்மேல் விரலை வைக்கிறாள்.

எடுத்துவிடுகிறாள்.

"இருடி, கோப்பிய குடிச்சிட்டு கேக்குறேன்."

லக்னம் மாறப்போகிறது. கோப்பியோ ஆவி பறக்கிறது. அவள் ஊதி ஊதிக் குடிக்கிறவள். கதவோரம் திருநாவுக்கரசு என்னைப் பார்க்கிறான். நான் என்ன செய்ய? என் கையில் பேனா மட்டும்தான் இருக்கிறது.

வாசகரே, ஒரு வெறும் கப் எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். ஆற்றிக் கொடுங்கள்.