மீதி ஒன்றரை லட்சம்

ஜீப் வந்து நின்றபோது ராஜரத்தினம் தேயிலைக் கொழுந்து மூட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அரசுத் தோட்டத்தின் ஃபீல்டு ஆபீசர் வேலன் இறங்காமலே கூப்பிட்டார்.

"ஏனுங்க, சட்டையை மாத்திட்டு வாங்க. டெல்லியில இருந்து பெரிய ஆபீசர் ஊட்டிக்கு வந்திருக்காருங்க. சிலோன்ல இருந்து வந்தவங்க ஒருத்தரைப் பாக்கோணுமாம்."

நடுவட்டத்திலிருந்து ஊட்டிவரைக்கும் வேலன் பாடம் நடத்தினார். வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, எல்லாம் நல்லபடி என்று சொல்ல வேண்டும். அடுத்த மாதம் டெல்லியில் இந்திய, இலங்கை அரசாங்கங்கள் பேசப் போகின்றன. அதற்கான தாள்களைத் தயாரிப்பவரே இந்த அதிகாரிதான். "நீங்க சங்கத்துல இருந்தவரு. பக்குவமாப் பேசுவீங்கன்னுதான் கூட்டிப் போறனுங்க."

பெரிய மனிதர்கள் முன்னால் பேசுவது ராஜரத்தினத்துக்குப் புதிதில்லை. வெள்ளைக்காரன் இலங்கையை ஒப்படைத்துவிட்டுப் போகும் முன், அங்கே எந்த மாதிரி அரசியல் சட்டம் வேண்டும் என்று கேட்க லண்டனிலிருந்து சிலர் வந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேச சங்கம் கண்டிக்கு அனுப்பியவர்களில் ராஜரத்தினம்தான் வயதில் சின்னவர். எங்கள் குடியுரிமையை நீங்கள் போகுமுன்னே சட்டத்தில் எழுதிவிட்டுப் போங்கள், அப்புறம் எங்களை யாரும் சீந்த மாட்டார்கள் என்று கெஞ்சினார்கள். வந்த துரை பொறுமையாகக் கேட்டான். தலையை ஆட்டினான். அதை வரப்போகும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்றான்.

பார்த்துக்கொண்டது. கொடி மாறிய வருஷமே குடியுரிமை போயிற்று. அடுத்து ஓட்டும் போயிற்று. பல வருஷம் நாடற்றவர்களாகக் கிடந்த பிறகு இரண்டு நாடுகளும் உட்கார்ந்து ஆட்களைப் பங்கு போட்டன. ராஜரத்தினமும் அவர் மனைவி தெய்வம்மாவும் இந்தியாவின் பங்கு. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த கதவில் குடியிருந்த தங்கை கருப்பம்மாவின் குடும்பம் எந்தப் பங்கிலும் சேரவில்லை.

ஊட்டி விருந்தினர் மாளிகையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. அதிகாரி தமிழர்தான். எழுந்து கை கொடுத்தார். டீ வரவழைத்தார். அந்த மரியாதையைப் பார்த்ததுமே ராஜரத்தினத்துக்குக் கண்டி ஞாபகம் வந்தது.

"முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது. மீதி ஒன்றரை லட்சம் பேர்தான் இழுபறியில் இருக்கிறார்கள். இந்தத் தடவை ஆளுக்குப் பாதி என்று முடித்துவிடலாம். நீங்கள் இங்கே சௌகரியமாக இருப்பதாகத் தெரிந்தால் எங்களுக்கும் பேச வசதியாக இருக்கும்" என்றார் அதிகாரி.

"மீதின்னா யாருங்க ஐயா?"

"அதான், கணக்கில் வராமல் நின்றவர்கள்."

"அதுல எந்தங்கச்சி இருக்கா. அவகிட்ட யாராச்சும் கேட்டீங்களா, எந்தப் பக்கம் வேணும்னு?"

அதிகாரி புன்னகை செய்தார். "அரசாங்கங்கள் பேசுகிற விஷயம். ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? குடும்பங்களைப் பிரிக்க மாட்டோம். அதில் கவனமாக இருக்கிறோம்."

"நானும் அவளும் ஒரே வயித்துல பொறந்தவங்க. எங்களை ரெண்டு குடும்பம்னு எழுதுனது யாரு? நாங்களா எழுதுனோம்?"

வேலன் பின்னாலிருந்து சட்டையை இழுத்தார். ராஜரத்தினம் தட்டிவிட்டார்.

"கண்டியில ஒரு தொரையும் இப்படித்தான் பதமாக் கேட்டான். அவனாவது அன்னியன். நீங்க என் பாஷையிலேயே பேசிக்கிட்டு எங்களைப் பாதி பாதியாப் பிரிக்கிறீங்களே! ஆட்டை விக்கிறவன்கூட எந்த ஆடுன்னு பார்த்துத்தான் விப்பான்."

"உணர்ச்சிவசப்படாதீர்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு..."

"சௌகரியமா இருக்கேன்னு என் வாயால வராதுங்க. நீங்களே எழுதிக்கிடுங்க. எப்பவும் நீங்கதானே எழுதுறீங்க."

டீயைத் தொடாமல் வெளியே வந்தார். வேலன் ஓடி வந்து கத்தினார். "என்ற பொழப்புலயும் மண்ணள்ளிப் போட்டீங்களே!" ஜீப் அவரை விட்டுவிட்டுப் போனது. கூடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பினார்.

அடுத்த மாதக் கடைசியில் நடுவட்டம் டீக்கடை ரேடியோவில் செய்தி வந்தது. எழுபத்தையாயிரம் இங்கே, எழுபத்தையாயிரம் அங்கே. பேச்சுவார்த்தை நட்புணர்வோடு முடிந்ததாம்.

"அட, சுமூகமா முடிஞ்சுதுங்க," என்றார் கடைக்காரர்.

"யாருக்கு?" என்று ராஜரத்தினம் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

கருப்பம்மா எந்தப் பாதியில் விழுந்தாள் என்று தெரிய மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அவள் இருந்த தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த சங்கிலி சொன்னான்: அவள் அங்கேதான். இனி அண்ணன் சாவுக்குக்கூட அவளால் நினைத்தவுடன் வர முடியாது. பாஸ்போர்ட், விசா என்று அலைய வேண்டும்.

அதற்குள் ராஜரத்தினத்தை நாடுகாணிப் பக்கம் காட்டோரத் தோட்ட டிவிஷன் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. வீடு ஒழுகியது, யானை வந்தது, அட்டைக்கடி வேறு. சங்கிலி வந்துபோன அன்று ராஜரத்தினம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு நான் வாயை மூடியிருந்தா நடுவட்டத்திலேயே இருந்திருக்கலாம், இல்ல?"

தெய்வம்மா சோற்றுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"இருந்திருக்கலாம். இருந்து என்ன செய்ய? உங்க தங்கச்சிக்காகக் கேக்க அந்த ரூமுல வேற யாரு இருந்தா? என்னையும் கூட்டிட்டுப் போயிருக்கணும். அந்த டீயை அவன் மேசையிலேயே கொட்டிட்டு வந்திருப்பேன்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் கோபமாகத்தான் இருந்தாள்.