வேர்விட்ட கட்டில்

காலை ஒன்பதே முக்காலுக்கு, சுகாதார நிலையத்தின் மூன்றாவது கட்டில் சிமெண்டுத் தரையில் வேர் விட்டது. இரும்புக் கட்டில். நர்ஸம்மா அதன் பக்கத்தில் நின்றிருந்தாள்.

அந்தப் பகுதியில் சுகாதார நிலையங்கள் பல, கட்டில்கள் ஆறுதான். திறப்பு விழாவுக்கு வந்த ஆறும், போட்டோ எடுத்ததும் லாரியேறி அடுத்த ஊர்த் திறப்பு விழாவுக்குப் போயின. அதற்குப் பிறகு ஆய்வுக்கு அதிகாரி வரும்போதெல்லாம் ஊருக்கு ஊர் அவர் ஜீப்பை முந்திக்கொண்டு லாரி ஓடியது. கட்டில்கள், ஆக்சிஜன் சிலிண்டர், முன்சீட்டில் டாக்டர். அதிகாரிக்கும் தெரியும். எல்லா ஊரிலும் சிலிண்டரில் அதே நசுங்கலைப் பார்த்துவிட்டு, பராமரிப்பு நன்று என்று எழுதிப் போவார். ஜனங்கள் ஆய்வு நாள் பார்த்து ஜுரத்தில் படுக்கப் பழகிக்கொண்டார்கள். நர்ஸம்மாவின் அக்காளுக்கு அந்தச் சாமர்த்தியம் போதவில்லை. பிரசவ வலியில் கட்டிலில் கிடந்தவளை, ஆய்வு முடிந்தது என்று தரையில் இறக்கினார்கள். லாரி தெருமுனை திரும்புவதற்குள் போய்விட்டாள். குழந்தை பிழைத்தது.

இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைதான் இப்போது மூன்றாவது கட்டிலில், அதே வலியில், சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். ஆய்வு முடிந்திருந்தது. லாரி டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"நர்ஸம்மா, பத்தரைக்கு அடுத்த ஊர்ல நிக்கணும். பொண்ணைக் கொஞ்சம் கீழ இறக்குங்க."

"என்னை வெட்டிப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ."

நாலு பேர் தூக்கியும் கட்டில் அசையவில்லை. கடப்பாரை போட்டுப் பார்த்தார்கள். விரல் தடிமனில் வெள்ளை வேர்கள் சிமெண்டைப் பிளந்து இறங்கியிருந்தன. வெட்டினால் பால் வடிந்தது. லாரி போகாமல் தானும் போக முடியாது என்பதால் டாக்டர் பிரசவம் பார்த்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிறகு லாரி மீதிக் கட்டில்களோடும் டாக்டரோடும் போயிற்று. சாயங்காலத்துக்குள் அந்த ஐந்தும், இறக்கிய ஊர்களில் ஊருக்கு ஒன்றாக வேர் பிடித்துக்கொண்டன.

வேர் விட்டதெல்லாம் உங்கள் பாடு என்று சுகாதாரத் துறை வனத்துறைக்கு எழுதியது. இரும்பு எங்கள் பொறுப்பில்லை என்று வனத்துறை பதில் போட்டது. அதற்குள் தலைமாட்டில் கிளை வந்துவிட்டது. குளுக்கோஸ் பாட்டிலை அதில்தான் மாட்டுகிறார்கள். கூட்டுகிற அம்மாள் காலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறாள்.

போன மாதம் புது அதிகாரி வந்தார். இலையைத் தடவிப் பார்த்து, இனிமேல் இங்கே ஒரு குறையும் இல்லை என்றார். நர்ஸம்மா டாக்டரின் நாற்காலியைத் தூசி தட்டாமல் அவர் முன்னால் இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். கட்டில் தானா வேர் விட்டுடுச்சு. டாக்டரை எந்த மண்ணுல நட்டா நிப்பாரு?"