பதினான்காம் அறையின் விரிப்புகள்

ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் அவளுக்கு "ஸ்தோத்திரம்" என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு துணியைத் தேய்த்து மடித்தால் ஒரு ஸ்தோத்திரம். சின்னக் காரியமானாலும் அதன் பேரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லப் பழக வேண்டும் என்று போதகர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டி சீக்கிரம் சூடானதற்கு நன்றி, முழங்கால் வலி குறைந்ததற்கு நன்றி, மகள் பாஸானதற்கு நன்றி. பக்கத்து மேசைக்காரி காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறைதான்.

இந்தப் பத்து நாளாக அவள் முணுமுணுத்த நன்றியே வேறு. சலவைக் கூடத்துச் சூப்பர்வைசர் இடுப்பெலும்பு முறிந்து மாடியில் பதினான்காம் அறையில் படுத்திருந்தார். தானாகப் புரளக்கூட முடியாது.

அவர் செய்ததை அவள் மறப்பாளா? இரண்டு வருஷத்துக்கு முன் இரண்டு கம்பளிகள் காணாமல் போனபோது அவள் பக்கம் விரலை நீட்டியவர் அவர்தான். ஆறு மாதம், தினமும் வேலை முடிந்து போகும்போது வாசலில் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். சாப்பாட்டு டப்பா, மாற்றுத் துணி, சீப்பு எல்லாம் போகிறவர் வருகிறவர் காலடியில். ஒருநாள் அழைத்துப்போக வந்த மகளும் அதைப் பார்த்துவிட்டாள். அப்புறம் கம்பளிகள் அவருடைய ஸ்டோர் ரூம் பரணிலேயே கிடைத்ததாகக் காற்றுவாக்கில் வந்தது. மனிதர் வாயே திறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, தன் பிரிவை நேர்மையாக நடத்த உதவிய ஆண்டவருக்கு நன்றி என்று சாட்சி வேறு சொன்னார். அன்றைக்கு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது இன்னும் அணையவில்லை.

கஞ்சி போடுவது டாக்டர்களின் கோட்டுக்கு மட்டும்தான். அவள் பதினான்காம் அறையின் விரிப்புகளுக்கும் போட்டாள், அட்டை மாதிரி விறைத்து நிற்கும்படி.

"ஆண்டவரே, இவனை என் கைக்குக் கீழ கொண்டுவந்து படுக்க வெச்சதுக்கு ஸ்தோத்திரம்." ஒரு மடிப்பு.

"இவன் முதுகு நல்லா உரசுறதுக்கு ஸ்தோத்திரம்." இன்னொரு மடிப்பு.

இவ்வளவு மனதார அவள் நன்றி சொன்னதே கிடையாது.

பதினோராம் நாள் காலையில் சூப்பர்வைசரின் மனைவி சுருட்டிய விரிப்போடு கீழே இறங்கி வந்தாள். நேராக இவள் மேசைக்கு வந்து நின்றாள்.

"இந்தக் கஞ்சி யாரு போட்டதுன்னு அவருக்குத் தெரியுமாம். புகார் பண்ணலாம்னா வேண்டாங்கிறாரு. கம்பளி பரண்ல கிடைச்சப்பவே வாயைத் திறந்திருக்கணும், திறக்கலைன்னு உங்கிட்ட சொல்லச் சொன்னாரு. என்ன கம்பளி அது? கேட்டா கண்ணை மூடிக்கிறாரு."

இதற்குத்தானே காத்திருந்தாள்! ஒன்றுவிடாமல் சொன்னாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். இஸ்திரிப் பெட்டிகள் அங்கங்கே நின்றன.

"வாசல்ல உன் பையைச் சோதிக்கிறாங்கன்னு கேட்டு நான்கூட உன்னைத் திருடின்னுதான் நெனச்சேன்" என்றாள் அந்த அம்மாள் மெல்ல.

"நீங்க மட்டுமா நெனச்சீங்க?" நெஞ்சு குளிர்ந்துபோயிற்று இவளுக்கு.

"உன் கோவம் ஞாயம். இதையும் பாத்துடு."

விரிப்பை மேசையில் பிரித்துப் போட்டாள். முதுகும் இடுப்பும் பட்ட இடமெல்லாம் காய்ந்த ரத்தம். நூலோடு தோல் ஒட்டியிருந்தது.

"சத்தம் போடாம படுத்திருக்காரு மனுஷன். நீ ஒவ்வொரு துணிக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுவியாமே, சபையில பேசிக்கிறாங்க. இதுக்கும் சொன்னியா?"

பக்கத்து மேசைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சொன்னேன்" என்றாள் இவள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நாலு மடிப்புக்கும் சொன்னேன்."

அந்த அம்மாள் திரும்பிப் படியேறினாள்.

சூப்பர்வைசர் மேலிருந்த கோபம் போய்விடவில்லை. போகுமா என்ன? ஆனாலும் பதினான்காம் அறைக்கு அன்று போக வேண்டிய விரிப்பை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். கஞ்சி ஒரு தடவையில் போகவில்லை. நாலு தண்ணீர் மாற்றி அலசினாள். ஒரு ஸ்தோத்திரமும் வாயில் வரவில்லை.